பயம் இருந்தவரை ஆறு சதுர மீட்டர்

சிங்கப்பூரில் கொரோனாவுக்காக இரண்டு ஊரடங்குகள் நடந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, 56 நாள், ஊரே வீட்டுக்குள் இருந்தது. 'சர்க்கிட் பிரேக்கர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்னொன்று, கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தங்குவிடுதிகளுக்கு என்று தனியாக நடந்தது. அது ஏப்ரல் 5 அன்று இரண்டு விடுதிகளில் தொடங்கியது. ஏதாவது ஒரு வடிவத்தில் 2022 ஜூன் 24 வரை நீடித்தது. இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்கு மேலான காலத்தில் ஊரில் கடைகள் திறந்தன, சினிமா ஓடியது, பொதுத்தேர்தல் நடந்தது, பள்ளிகள் நடந்தன. விடுதியின் வாசலோ பெரும்பாலும் வேலைக்குப் போகும் லாரிக்காகத்தான் திறந்தது.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. அந்தக் கட்டில்களில் படுத்திருந்தவர்களில் பலர் புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். வங்கதேசத்தவரோடும் சீனர்களோடும் மியன்மார்க்காரர்களோடும் சேர்ந்து இவர்கள் பூட்டப்பட்டிருந்த நாட்களில், நம் கிராமங்களில் எத்தனையோ வீடுகள் வாட்ஸ்அப் வீடியோவில் அந்த அறைகளைப் பார்த்தன. அதுவரை பிள்ளை 'சிங்கப்பூரில் இருக்கிறான்' என்றால் வானுயர்ந்த கட்டடம்தான் வீட்டாரின் மனதில் வரும். அவன் எங்கே படுக்கிறான் என்று அன்றுதான் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

2020க்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய விடுதிகள் 43 இருந்தன. அவற்றில் சுமார் 2 லட்சம் பேர். தொழிற்சாலைக் கட்டடத்தின் ஒரு பகுதியை மாற்றி அமைத்த சிறு விடுதிகள் 1,200 போல இருந்தன. அவற்றில் 95,000 பேர். கட்டுமான இடத்திலேயே தகரக் கொட்டகையில் இன்னும் சில ஆயிரம் பேர். துவாஸ், கிராஞ்சி, ஜூரோங், பொங்கோல் என்று ஊரின் ஓரங்களில், கண்ணில் படாத இடங்களில் இவை இருந்தன. சட்டம் தலைக்கு 4.5 சதுர மீட்டர் என்றது. சமையல் கட்டு, கழிப்பறை எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு பங்கைச் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அறைக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. ஒரு அறையில் 12 பேர், 16 பேர், சில இடங்களில் 20 பேர்.

அந்த அறையை ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள் வரிசையாக. கீழ்க் கட்டில்காரர் பழைய லுங்கியையோ போர்வையையோ திரையாகக் கட்டியிருப்பார். அந்தத் திரைக்குள் இருப்பதுதான் அவருடைய வீடு: தலைமாட்டில் போன் சார்ஜர், சுவரில் ஒட்டிய சாமி படம், கம்பியில் தொங்கும் நாளைய வேலைச் சட்டை. கட்டிலுக்கு அடியில் பூட்ஸ், பிளாஸ்டிக் வாளி, ஊரிலிருந்து வந்த ஊறுகாய் பாட்டில். மேல் கட்டில்காரருக்கு நிமிர்ந்து உட்கார இடமில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்கும்போது மற்றவர்கள் விளக்கு போடாமல் குளித்துக் கிளம்ப வேண்டும். காலை 5 மணிக்கு கேட்டரிங் சாப்பாடு வாசலுக்கு வரும். காலைக்கும் மதியத்துக்குமான பொட்டலத்தை அப்போதே வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினால், மதியம் பிரிக்கும்போது குழம்பு புளித்திருக்கும். இந்தக் கேட்டரிங் சாப்பாட்டைப் பற்றிய புகார் சிங்கப்பூர்த் தொழிலாளர் மத்தியில் பல வருஷப் புகார். கொரோனா வருவதற்கு முன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் தொண்டு நிறுவனங்களும் ஒரு சில பத்திரிகையாளர்களும்தான்.

விடுதிகள் ஊரின் ஓரத்துக்குப் போனதற்கு ஒரு முன்கதை உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதையொட்டிக் கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது, மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, பெரிய விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் சட்டமும் வந்தது. கடை, உடற்பயிற்சிக்கூடம், பணம் அனுப்பும் இடம் எல்லாம் விடுதி வளாகத்துக்குள்ளேயே இருந்தால் இவர்கள் ஊருக்குள் வரும் தேவை குறையும் என்ற எண்ணமும் வலுத்தது. அந்த உரிமச் சட்டம் 1,000 கட்டிலோ அதற்கு மேலோ உள்ள விடுதிகளை மட்டும்தான் தொட்டது. ஆயிரக்கணக்கானவர்களை ஒரே மதிலுக்குள் வைக்கும் ஏற்பாடு இப்படித்தான் உறுதிப்பட்டது. ஆறு வருஷம் கழித்துக் கிருமி வந்தபோது அதற்கு வேண்டிய எல்லாம் அங்கே தயாராக இருந்தது.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 2020 பிப்ரவரியிலேயே விடுதியில் தங்கியிருந்த வங்கதேசத் தொழிலாளி ஒருவருக்குத் தொற்று வந்து, அவர் வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மார்ச் மாதத்தில் டிடபிள்யூசி2 என்ற தொழிலாளர் நல அமைப்பு, இப்படி நெருக்கி அடைத்து வைத்திருக்கும் இடங்களில் தொற்று நுழைந்தால் என்ன ஆகும் என்று 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதியது. அந்த நேரத்தில் சிங்கப்பூரின் கொரோனா நிர்வாகத்தை உலகமே பாராட்டிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தில் சோதனை, தொற்று வந்தவரின் தொடர்புகளைத் துப்பறிவாளர் போலத் தேடிப்பிடிப்பது, எல்லாம் கச்சிதம். மார்ச் நடுவில் மொத்தத் தொற்றே 300க்குள்தான். பாராட்டு குவிந்த நேரத்தில் அந்தக் கடிதம் யார் காதிலும் ஏறவில்லை என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் தோ குவான் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. எஸ்11-இல் 13,000 பேர், தோ குவானில் 6,800 பேர், 14 நாளைக்கு வெளியே வரக் கூடாது. நோய் வந்தவரையும் வராதவரையும் பிரிக்க அந்த அறைகளில் இடமே இல்லை. குப்பை தேங்கியது, கழிப்பறை நிரம்பியது, சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. அந்தப் படங்களைத் தொழிலாளர்களே போனில் எடுத்து வெளியே அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 தொற்று. அதே நாளிலிருந்து கட்டுமானத் துறையின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வேலைக்குப் போகாமல் இருப்பிடத்திலேயே இருக்கச் சொல்லி உத்தரவு. சித்திரைப் பிறப்பும் ரம்ஜான் நோன்பும் அந்த அறைகளுக்குள்ளேயே கழிந்தன.

விவாதம் அப்போதுதான் சூடு பிடித்தது. முதலில் பழி போட ஆள் தேடினார்கள். சீன மொழி நாளிதழில் வந்த வாசகர் கடிதம் ஒன்று, தொழிலாளர்களின் சுத்தமில்லாத பழக்கங்களும் பின்தங்கிய நாடுகளிலிருந்து வந்ததும்தான் காரணம் என்றது. சட்ட அமைச்சர் சண்முகம் அதைக் கடுமையாகக் கண்டித்தார். மூத்த தூதர் டாமி கோ நேர் எதிராக எழுதினார். இவர்களை நாம் நடத்தும் விதம் முன்னேறிய நாட்டுக்கு உரியதே இல்லை, லாரியில் அடைத்து ஏற்றுகிறோம், அறையில் அடைத்து வைக்கிறோம் என்று அவர் சொன்னது ஊரெல்லாம் பரவியது. பிறகு விவாதம் நாடாளுமன்றத்துக்குப் போனது. மே 4 அன்று நியமன உறுப்பினர் அந்தியா ஓங், தொழிலாளர்களிடம் அரசு மன்னிப்புக் கேட்குமா என்று கேட்டார். மனிதவள அமைச்சராக இருந்த ஜோசஃபின் டியோவின் பதிலின் சாரம் இது: தான் பார்த்த தொழிலாளர்களில் எவரும் அப்படி ஒரு மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பதில் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, அந்தக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, வேலை பெர்மிட் ஒரே முதலாளியின் கையில் இருக்கும்போது, ஒரு தொழிலாளி அமைச்சரைப் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்வானா? ஜூலை 10 அன்று தேர்தலும் நடந்தது. விடுதிகள் பற்றி எதிர்க்கட்சிகள் பேசின, ஆளுங்கட்சி பதில் சொன்னது. பேசப்பட்ட மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை.

அரசு செய்ததையும் சரியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதக் குழப்பத்துக்குப் பிறகு நிர்வாகம் அசாத்திய வேகத்தில் இறங்கியது. ராணுவமும் போலீசும் மருத்துவர்களும் விடுதிக்கு விடுதி குழுவாக உட்கார்ந்தார்கள். அத்தியாவசிய வேலைக்காரர்களை ராணுவ முகாம்களுக்கும் காலியாக இருந்த அடுக்குமாடி வீடுகளுக்கும் மிதக்கும் விடுதிகளுக்கும் மாற்றினார்கள். எக்ஸ்போ கண்காட்சி அரங்கு சிகிச்சைக் கூடமானது, சொகுசுக் கப்பல்கள் குணமானவர்களின் தங்குமிடமாயின. மூன்று வேளைச் சாப்பாடு, இலவச இணையம், இலவச சிகிச்சை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக முதலாளிகள் அரசுக்குக் கட்டும் லெவியைத் தள்ளுபடி செய்து, அதற்கு ஈடாகச் சம்பளத்தை நிறுத்தாதீர்கள் என்றார்கள். ஓவர்டைம் போனதால் வீட்டுக்கு அனுப்பும் பணம் பாதியாகக் குறைந்தவர்கள் உண்டு. ஆனாலும் அடிப்படைச் சம்பளம் நிற்காமல் இருந்ததே பெரிய ஆறுதல். அதே வாரங்களில் நம் நாட்டில் லட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்ததை நினைத்தால், இதைக் குறைத்துச் சொல்ல மனம் வராது.

உயிர்க்கணக்கும் அரசின் பக்கம்தான் பேசுகிறது. 2020 டிசம்பரில் வெளியான கணக்குப்படி, விடுதிகளில் இருந்த 3 லட்சத்து 23 ஆயிரம் பேரில் 1 லட்சத்து 52 ஆயிரம் பேருக்கு, அதாவது 47 சதவிகிதத்தினருக்கு, தொற்று வந்து போயிருந்தது. கொரோனாவால் இறந்தவர்கள் 2 பேர். பெரும்பாலும் இளைஞர்கள் என்பது ஒரு காரணம், வைத்தியம் நேரத்துக்குக் கிடைத்தது இன்னொரு காரணம். விடுதி வாசலைப் பூட்டாமல் விட்டிருந்தால் ஊரில் உள்ள முதியவர்கள் செத்திருப்பார்கள் என்பது அரசின் வாதம். முதல் நான்கு மாதங்களுக்கு அந்த வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் விடுதிகளில் சோதனை முடிந்தது. ஏறக்குறைய எல்லா விடுதிகளும் தொற்று நீங்கியவை என்று அறிவிக்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். என் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. காலையில் கட்டுமான இடத்துக்குப் போகலாம், மாலையில் திரும்பலாம், நடுவில் எங்கும் இறங்கக் கூடாது. 14 நாளைக்கு ஒருமுறை மூக்கில் குச்சி விட்டுச் சோதனை. அக்டோபர் கடைசியிலிருந்து, அனுமதி வாங்கிக்கொண்டு, தொழிலாளர்களுக்கென்றே கட்டிய பொழுதுபோக்கு மையத்துக்குச் சில மணி நேரம் போகலாம். டிசம்பர் 28 முதல் ஊருக்கு மூன்றாம் கட்டத் தளர்வு வந்தது. எட்டு பேர் வரை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தத் தளர்வு விடுதிக்கு வரவில்லை. நாலு மாதத்துக்கு நியாயம் சொன்ன அதே வாதத்தை அடுத்த இருபது மாதத்துக்கும் இழுத்துப் போர்த்தினார்கள். பாதிப்பேருக்கு ஏற்கெனவே நோய் வந்து போய்விட்டது, பிறகு தடுப்பூசியும் போட்டாயிற்று, ஊரில் பெரும்பாலானவர்களை விட அடிக்கடி சோதிக்கப்பட்டவர்கள் இவர்கள். ஆனாலும் ஊருக்குள் விட அரசுக்கு மனம் வரவில்லை.

2021 செப்டம்பரில்தான் ஒரு சோதனை முயற்சி வந்தது. தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர், ஆறு மணி நேரம், லிட்டில் இந்தியாவுக்கோ கேலாங் சிராய்க்கோ போகலாம். மூன்று லட்சம் பேருக்கு வாரம் 500. போவதற்கு முன் ஒரு சோதனை, போய் வந்த பின்னும் ஒன்று. முதல் குழுவினர் கோயில் வாசலில் நின்று கும்பிட்டதும், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் பத்திரிகைகளில் படமாக வந்தன. வேலைக்கு வந்த இளைஞன் கோயிலுக்குப் போனதே செய்தி என்று ஆன அந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

இந்த இரண்டாம் வருஷத்தில் பொது விவாதம் மங்கிவிட்டது. பத்திரிகைகளின் கவனம் தடுப்பூசிக்கும் எல்லை திறப்புக்கும் போய்விட்டது. பேசத் துணிந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரு உதாரணம் ஜாகிர் ஹுசேன் கோகன். வங்கதேசக் கவிஞர், கட்டுமான மேற்பார்வையாளர், 19 வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், தொழிலாளர் கவிதைப் போட்டியில் பரிசு வாங்கியவர். 2021 அக்டோபரில் ஜாலான் துக்காங் விடுதியில், தொற்று வந்தவர்களை நேரத்துக்கு மாற்றவில்லை, சாப்பாடு சரியில்லை என்று தொழிலாளர்கள் திரண்டார்கள். குறைபாடுகள் இருந்ததை மனிதவள அமைச்சே ஒப்புக்கொண்டது. அந்தச் சம்பவம் பற்றி ஜாகிர் முகநூலில் எழுதினார். படைவீரர்களும் கவச வண்டிகளும் சூழ்ந்ததாக அவர் எழுதியது பொய், தூண்டிவிடும் பேச்சு என்றது அமைச்சு. 2022-இல் அவருடைய பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. அவர் எழுதியதில் தவறு இருந்திருக்கலாம். மறுத்து எழுதினால் போதாதா? ஒருவர் ஊர் திரும்ப நேர்ந்ததைப் பார்த்த பின் மற்ற மூன்று லட்சம் பேர் என்ன பேசுவார்கள்?

இப்படிப் பிரித்து வைப்பது சிங்கப்பூர் மண்ணுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1873-இல் காலரா வந்த பிறகு, 1874-இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். 1930-களில் உலகத்திலேயே பெரிய நிலையங்களில் ஒன்றாக அது இருந்தது. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவும் அப்படித்தான். சீனாவிலிருந்தும் நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள், கப்பலின் மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாகப் படுத்து வந்த டெக் பயணிகள், இத்தகைய தீவுகளில் இறக்கப்பட்டார்கள். நோய்க்கு வகுப்பு தெரியாது. ஆனால் யாரைத் தடுத்து வைப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு டிக்கெட்டின் வகுப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்று செயின்ட் ஜான்ஸ் தீவில் கடல் ஆய்வுக்கூடம் இருக்கிறது, படகில் போய்ப் பிக்னிக் வைத்துவிட்டு வரலாம்.

2022 ஜூன் 24 முதல் அனுமதிச் சீட்டு நீங்கியது. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கு மட்டும் ஞாயிறு, விடுமுறை நாட்களில் 80,000 பேர் என்ற வரம்போடு சீட்டு தொடர்ந்தது. ஊருக்கான கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரல் 26 அன்று, போய்விட்டன. இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பழையபடி நிரம்பி வழிகிறது. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்தரையில் வட்டம் வட்டமாக ஆட்கள். ஒரு வட்டத்தில் ஊர்க்காரர்கள் கூடிக் கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். இன்னொன்றில் வீடியோ காலில் குழந்தைக்கு முத்தம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைப்பதில்லை. முஸ்தபா கடை வாசலில் டிரங்குப் பெட்டி அளவுக்கு அட்டைப்பெட்டி கட்டுகிறார்கள். இந்தக் காட்சி திரும்பியதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

விடுதிகளும் மாறியிருக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் உரிமச் சட்டம் 7 கட்டிலோ அதற்கு மேலோ உள்ள எல்லா விடுதிகளுக்கும் பொருந்தும். முன்பு 53 விடுதிகளைப் பார்த்த சட்டத்தின் கீழ் அப்போது சுமார் 1,600 விடுதிகளும் 4 லட்சத்து 39 ஆயிரம் கட்டில்களும் வந்தன. இது சாதாரண மாற்றமில்லை. தொழிற்சாலைக்குள் ஒளிந்திருந்த சிறு விடுதிகள்தான் மிக மோசமானவை, அவற்றின் மேல் முதல்முறையாக வெளிச்சம் விழுந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் தொழிலாளர்களுக்கென்று தனி மருத்துவத் திட்டம் வந்தது. ஜுரம் என்றால் விடுதிக்குப் பக்கத்து மருத்துவ மையத்துக்குச் சில டாலர் கட்டிப் போய் வரலாம், முதலாளியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மனிதவள அமைச்சுக்குள் விடுதிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. துக்காங் பகுதியில் அமைச்சே சொந்தமாக ஒரு விடுதி கட்டும் முடிவையும் எடுத்தது. இவையெல்லாம் 2019-இல் எவராவது கேட்டிருந்தால் 'செலவு தாங்காது' என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

ஆனால் அறையின் அளவுக்கு என்ன ஆனது என்பதைக் கவனியுங்கள். 2020 ஜூன் மாதம், பயம் உச்சத்தில் இருந்தபோது, அரசு புதுவகை விடுதிகளுக்கான அளவுகளைச் சொன்னது. தலைக்கு 6 சதுர மீட்டர், பொது இடங்கள் சேராமல். அறைக்கு 10 பேருக்கு மேல் கூடாது. ஒற்றையடுக்குக் கட்டில் மட்டும். ஐந்து பேருக்கு ஒரு கழிப்பறை. ஆண்டுக்கணக்கில் தொண்டு அமைப்புகள் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். 15 மாதம் கழித்து, 2021 செப்டம்பரில், இனிமேல் கட்டும் விடுதிகளுக்கான நிரந்தர விதி வந்தது. தலைக்கு 4.2 சதுர மீட்டர். அறைக்கு 12 பேர். ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. ஒற்றையடுக்குக் கட்டில் கட்டாயமில்லை. 2020-இல் சொன்னது சோதனை அளவுதான், நிரந்தர விதி செலவையும் பார்த்து வகுத்தது என்று அரசு விளக்கம் சொல்லும். கிருமியின் குணம் அந்த 15 மாதத்தில் மாறவில்லை. டெல்டா வகை இன்னும் வேகமாகவே பரவியது. மாறியது ஊர்க்காரர்களின் பயம். தடுப்பூசி வந்ததும் அது குறைந்தது, அதோடு அறையும் சுருங்கியது.

பழைய விடுதிகளுக்கு இன்னும் நீண்ட தவணை. 2023 அக்டோபரில் அறிவித்த திட்டப்படி, சுமார் 1,000 பழைய விடுதிகள் 2030-க்குள் இடைக்கால அளவுக்கு வர வேண்டும். தலைக்கு 3.6 சதுர மீட்டர், அறைக்கு 12 பேர். 4.2 சதுர மீட்டர் என்ற முழு அளவுக்கு வர 2040 வரை நேரம். 2020-இல் 25 வயதில் எஸ்11 போன்ற விடுதியில் பூட்டிக் கிடந்த ஒருவருக்கு அப்போது 45 வயது. திடீரென்று எல்லாவற்றையும் இடித்தால் கட்டில் பற்றாக்குறை வரும், வாடகை ஏறும், அது கடைசியில் தொழிலாளியின் தலையில் விழும் என்ற கவலையில் உண்மை உண்டு. கொரோனாவுக்குப் பிறகு ஆட்கள் திரும்பி வந்ததும் கட்டில் வாடகை எகிறியதைப் பார்த்தோம். அதற்காக இருபது வருஷமா? சில வாரங்களில் கண்காட்சி அரங்கை மருத்துவமனையாக்கிக் கப்பலைக் குடியிருப்பாக்கிய அரசு இது.

லாரி விஷயத்தில் அன்றும் இன்றும் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது அப்படியேதான் இருக்கிறது. தொழிலாளர்களைச் சரக்கு லாரியின் பின்பக்கத்தில், சீட்டும் சீட் பெல்ட்டும் இல்லாமல், ஏற்றிப் போகிறார்கள். மழைக்குத் தார்ப்பாய், பக்கத்தில் கம்பித் தடுப்பு, அவ்வளவுதான். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் நடந்த விபத்தில் இரண்டு பேர் இறந்த பிறகும், 2023-இல் மனுக்கள் குவிந்த பிறகும், தடை செய்தால் சிறு நிறுவனங்கள் தாங்காது என்பதே பதில். லாரி விபத்து ஊருக்குத் தொற்றாது. அதனால்தான் அதற்கு அவசரம் இல்லை என்று சொல்வேன்.

2020 செப்டம்பரில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், விடுதிகள் விஷயத்தில் இன்னும் முன்கூட்டியே, இன்னும் தீவிரமாகச் செயல்பட்டிருக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2023 மார்ச்சில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையும் விடுதிகளைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தது. இப்படி வெளிப்படையாக ஒரு கணக்கு முடித்த அரசுகள் உலகத்தில் குறைவு. நம் நாட்டில் அப்படி ஒரு வெள்ளை அறிக்கை இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்த ஒப்புதல் எல்லாம் முதல் சில வாரங்களைப் பற்றியது. நோய் தணிந்த பிறகும் இருபது மாதம் ஏன் பூட்டி வைத்தோம் என்ற கேள்விக்கு நேரான பதில் இன்னும் வரவில்லை. அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். முழு அளவுக்கான தவணையை 2040-இலிருந்து 2030-க்கு இழுக்க வேண்டும். லாரிக்குப் பதில் பேருந்து என்ற சட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்கள் இதைத் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்கலாம். ஓட்டு அவர்களிடம்தான் இருக்கிறது.

இங்கே தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையோ தம்பியோ சிங்கப்பூர் கிளம்பினால், சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா என்று ஏஜெண்டைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த விடுதி, அறைக்கு எத்தனை பேர், கழிப்பறை அறைக்குள் இருக்கிறதா, சாப்பாடு சமைத்துக்கொள்ளலாமா கேட்டரிங்கா, வேலைக்குக் கூட்டிப் போவது பேருந்தா லாரியா என்று கேளுங்கள். பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல், பணம் கட்டும் முன்பு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.